இரண்டு தலை மாடும் 150 நாள் தண்ணீரும்

ஒரு மாடு. அதற்கு இரண்டு தலை. இந்த மாட்டைப் பார்த்துத்தான் உலகத்தின் மிகப்பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று இந்தியாவில் கடை விரிக்கப் பயந்தது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நம்ப முடிகிறதா?

2008 அக்டோபர். 'ஃபால்அவுட் 3' என்கிற விளையாட்டுக்காக உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்காவில் 28ஆம் தேதி ரிலீஸ். இந்தியாவில் எக்ஸ்பாக்ஸ் வாங்கி வைத்திருந்த பையன்களும் அப்பாவிடம் காசு கேட்டு வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவின் கலாசார உணர்வுகளைக் கருத்தில்கொண்டு இந்த விளையாட்டை இங்கே கொண்டுவருவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். இது எங்கள் வியாபார முடிவு. வணக்கம்.

எந்த உணர்வு? யாருடைய உணர்வு? மூச். ஒரு வார்த்தை விளக்கமில்லை. அரசாங்கம் தடை போடவில்லை. யாரும் கொடி பிடிக்கவில்லை. கம்பெனி தானாகவே கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் எல்லோருடைய விரலும் போய் நின்ற இடம் அந்த மாடு. அணுகுண்டு விழுந்த உலகத்தில் கதிர்வீச்சு தாக்கிப் பிறந்த இரண்டு தலை மாடு. மூட்டை சுமக்கும். பால் கொடுக்கும். பசித்தால் மனிதர்கள் அதை அடித்துச் சாப்பிடவும் செய்வார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். அதன் பெயர் என்ன தெரியுமா? 'பிராமின்.'

விவகாரம் புரிந்திருக்கும். இத்தனைக்கும் அமெரிக்காவில் 'பிராமன்' என்றொரு மாட்டினம் நிஜமாகவே உண்டு. நம்ம ஊர் திமில் மாடுகள்தான். கிர், ஓங்கோல் வகையறாக்கள் அந்தக் காலத்தில் கப்பலேறிப் போய் அங்கே கலந்து உண்டான இனம். வெயில் தாங்கும், உழைக்கும் என்று அங்கே அதற்கு ஏக மரியாதை. பெயரில் ஓர் எழுத்து மாறி, கழுத்தில் ஒரு தலை கூடி அது விளையாட்டுக்குள் வந்துவிட்டது. 1997ல் வந்த முதல் பாகத்திலேயே இந்த மாடு உண்டு. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி, பயந்தது இந்தியாவில் மட்டும்தானா? இல்லை. அதே விளையாட்டை அதே வருஷம் ஆஸ்திரேலியா முதலில் உள்ளேயே விட மறுத்தது. காரணம் மாடு இல்லை. காயம் பட்டால் வலி தெரியாமல் இருக்க 'மார்ஃபின்' ஊசி போட்டுக்கொள்கிற காட்சி. நிஜமான போதை மருந்தின் பெயரை எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்கள். 'மெட்-எக்ஸ்' என்று பெயரை மாற்றிய பிறகு உள்ளே விட்டார்கள். ஊசி அதே ஊசி.

ஜப்பானில் வேறு கதை. விளையாட்டில் ஓர் ஊர் வருகிறது. வெடிக்காத அணுகுண்டு ஒன்றைச் சுற்றியே கட்டப்பட்ட ஊர். நீங்கள் நினைத்தால் குண்டைச் செயலிழக்கச் செய்யலாம். நினைத்தால், காசு வாங்கிக்கொண்டு ஊரோடு வெடிக்கவும் வைக்கலாம். ஜப்பானியப் பதிப்பில் அந்த இரண்டாவது வழி எடுக்கப்பட்டுவிட்டது. 'ஃபேட் மேன்' என்ற ஓர் ஆயுதத்தின் பெயரும் மாறியது. நாகசாகி மேல் 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி விழுந்த குண்டின் பெயர் அது. மறப்பார்களா?

பாருங்கள், ஒரே விளையாட்டுதான். ஓர் ஊருக்கு மாடு உறுத்துகிறது. ஓர் ஊருக்கு மருந்து. ஓர் ஊருக்குக் குண்டு. இப்படி மூன்று நாடுகளில் மூன்று விதமாகத் தொந்தரவு செய்த இந்த விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

*

கதை 1988ல் ஆரம்பிக்கிறது. கலிஃபோர்னியாவில் 'இன்டர்ப்ளே' என்றொரு கம்பெனி. பிரையன் ஃபார்கோ என்பவர் நடத்தியது. அந்த வருஷம் அவர்கள் 'வேஸ்ட்லேண்ட்' என்றொரு விளையாட்டைச் செய்தார்கள். அணு ஆயுத யுத்தத்துக்குப் பிறகான அமெரிக்கப் பாலைவனம். அதில் அலைகிற ஒரு காவல்படை.

இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். தபால்தலை அளவுக்கு ஒரு படம். மிச்சமெல்லாம் எழுத்து. ஃப்ளாப்பியில் இடம் போதாமல் கதையில் பாதியைத் தனியாகப் புத்தகமாக அச்சடித்து டப்பாவோடு கொடுத்தார்கள். இன்ன இடம் வந்ததும் புத்தகத்தில் இத்தனாவது பத்தியைப் படி என்று திரையில் வரும். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. அந்தக் கால விளையாட்டுகளில் ஓர் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கிவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் ஊர் பழையபடி பளிச்சென்று நிற்கும். செத்தவன் எழுந்து வணக்கம் சொல்வான். வேஸ்ட்லேண்ட் அப்படிச் செய்யவில்லை. நீ உடைத்த சுவர் உடைந்தே கிடக்கும். செத்தவன் செத்தவன்தான். செய்ததை எல்லாம் ஃப்ளாப்பியிலேயே பதிந்து வைத்துக்கொண்டது.

விளையாட்டு வெற்றிதான். ஆனால் அதன் உரிமை, வெளியிட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியிடம் இருந்தது. இன்டர்ப்ளே அதே பெயரில் இரண்டாம் பாகம் எடுக்க முடியவில்லை. சரி, வேறு பெயரில் எடுத்துவிட்டுப் போகிறோம் என்று பிறந்ததுதான் ஃபால்அவுட்.

1994ல் டிம் கெய்ன் என்ற புரோகிராமர் ஏறக்குறைய தனி ஆளாக வேலையை ஆரம்பித்தார். கம்பெனியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். லியனார்ட் பொயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் என்ற இரண்டு ஓவியர்கள் வந்து அந்த உலகத்துக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். 1950களின் அமெரிக்க விளம்பரங்களில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற குடும்பங்கள் வருமே, அந்த முகம். எல்லாம் எரிந்து கரியான நிலத்தில், சுவரில் மட்டும் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் அடிவயிற்றில் என்னவோ செய்யும்.

பாதி வழியில் ஓர் இடி. 'கர்ப்ஸ்' என்ற பிரபலமான வேடமேற்று ஆடும் விளையாட்டின் விதிகளை உரிமம் வாங்கித்தான் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் சொந்தக்காரர் இவர்கள் காட்டிய வன்முறையைப் பார்த்து முகம் சுளித்தார். 1997 ஆரம்பத்தில் உரிமம் போனது. மூன்று வருஷ உழைப்பு. விதிகளே இல்லாமல் விளையாட்டு ஏது? இரண்டே வாரத்தில் சொந்தமாக ஒரு விதிமுறையை எழுதிச் சேர்த்தார்கள். பலம், பார்வை, தாங்குசக்தி, வசீகரம், புத்தி, வேகம், அதிர்ஷ்டம். ஏழு குணங்கள். கையில் கொஞ்சம் புள்ளிகள். நீங்களே உங்களுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். பலத்தில் அள்ளிப் போட்டால் புத்தியில் இடிக்கும். புத்தியை ரொம்பவும் குறைத்து வைத்தால் உங்கள் ஆளுக்குப் பேச்சே வராது. 'ங்ங்', 'ம்ம்' என்பான். எதிராளியும் அதற்குத் தகுந்த மாதிரிதான் பேசுவான்.

அவசரத்துக்குச் செய்த அந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது.

*

1997 அக்டோபரில் ஃபால்அவுட் வெளிவந்தது. கதை இதுதான்.

எண்ணெய் தீர்ந்துவிட்ட உலகம். அமெரிக்காவும் சீனாவும் மிச்சமிருப்பதற்காக அடித்துக்கொள்கின்றன. 2077 அக்டோபர் 23ஆம் தேதி குண்டுகள் விழுகின்றன. ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. முன்கூட்டியே மலைக்கடியில் தோண்டி வைத்த பாதாள வீடுகளுக்குள் புகுந்துகொண்ட சிலர் மட்டும் தப்பிக்கிறார்கள்.

பாதாள வீடு என்றால் ஏதோ கற்பனை என்று நினைக்காதீர்கள். 1961ல் கென்னடி அமெரிக்க மக்களிடம் அணு வீச்சிலிருந்து தப்பிக்கும் பதுங்கிடங்களைப் பற்றிப் பேசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மேஜைக்கடியில் பதுங்கப் பயிற்சி கொடுத்தார்கள். மேற்கு வர்ஜினியாவில் ஒரு சொகுசு ஹோட்டலுக்கு அடியில், மொத்த அமெரிக்க நாடாளுமன்றமும் போய் ஒளிந்துகொள்ள ஒரு ரகசிய மாளிகையே கட்டி வைத்திருந்தார்கள். 1992ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

சென்னைக்காரர்களுக்கும் இந்தப் பயம் புதிதில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பு மேலும், மறுநாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா மேலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் மெட்ராஸ் கிடுகிடுத்துப் போனது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. ஜனங்கள் பானை சட்டியோடு கிடைத்த ரயிலில் ஏறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படை கடைசிவரை வரவில்லை. காலியான தெருக்கள் மட்டும் கொஞ்ச நாள் அப்படியே கிடந்தன. பூட்டிய வீடு, ஆளில்லாத தெரு. தாத்தா பாட்டிகள் சொல்லிச் சொல்லி நமக்குள் இறங்கிய சித்திரம் அது.

விளையாட்டுக்கு வருவோம். குண்டு விழுந்து 84 வருஷம் கழித்துக் கதை தொடங்குகிறது. 13ஆம் நம்பர் பாதாள வீடு. மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் மூன்று தலைமுறை உள்ளேயே வாழ்ந்துவிட்டது. ஒருநாள் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தின் சிப் கெட்டுப்போகிறது. கையிருப்புத் தண்ணீர் 150 நாளுக்குத்தான் வரும். யாராவது ஒருத்தர் வெளியே போய் ஒரு சிப் கொண்டுவர வேண்டும்.

அந்த ஒருத்தர் நீங்கள்.

கவனித்தீர்களா? ராஜகுமாரியை மீட்கச் சொல்லவில்லை. புதையல் எடுக்கச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவா. அவ்வளவுதான்.

கதவு திறக்கிறது. மேலே ஒரே மணல். எந்தத் திசையில் போவது? யாரும் சொல்ல மாட்டார்கள். கிழக்கே போகலாம். தெற்கே போகலாம். வழியில் வருகிறவனோடு பேசலாம், சண்டை போடலாம், ஓடலாம். திருடலாம். ஓர் ஊரில் நியாயஸ்தனான மளிகைக்கடைக்காரனும் சூதாட்ட விடுதி முதலாளியும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். யார் பக்கம் சேர்வது என்பது உங்கள் இஷ்டம். கடைசி வில்லனைக்கூடச் சுட வேண்டியதில்லை. அவனுடைய மாபெரும் திட்டத்தில் ஓர் அடிப்படை ஓட்டை இருக்கிறது. அவன் உருவாக்குகிற புது மனித இனத்துக்குப் பிள்ளை பிறக்காது. அத்தாட்சியோடு போய் உட்கார்ந்து பேசினால் அவனே உடைந்துபோய்த் தன் கதையை முடித்துக்கொள்வான்.

பேசியே ஜெயிக்க முடிகிற யுத்தம். 1997ல் இது பெரிய ஆச்சரியம்.

*

ஆனால் என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் உயிர் அதன் தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது.

இந்த உலகத்தில் ரூபாய், டாலர் கிடையாது. சோடா பாட்டில் மூடிதான் காசு. மூடிக்கு ஏது மதிப்பு? பெரிய சந்தை ஊரின் வியாபாரிகள், இத்தனை மூடிக்கு இவ்வளவு தண்ணீர் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் நோட்டுக்கு ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து என்றால் அங்கே மூடிக்குத் தண்ணீர்.

அந்த ஊரிலேயே தண்ணீர் வியாபாரிகள் உண்டு. நிறைய மூடிகளைக் கொட்டிக் கொடுத்தால் உங்கள் பாதாள வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய் இறக்குவார்கள். இன்னும் 100 நாள் தாக்குப்பிடிக்கலாம். ஆஹா, சுலபம் என்று தோன்றும். ஆனால் விளையாட்டு முதலில் வெளிவந்தபோது அதில் ஒரு கண்ணி வைத்திருந்தார்கள். தண்ணீர் வண்டி போய் வந்த தடத்தை வைத்து எதிரிகள் உங்கள் ஒளிவிடத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய 100 நாளுக்கு விலை வேறு இடத்தில் இருந்து கழியும்.

அடுத்தது இன்னும் மோசம். தேடிப் போன சிப் ஒரு பாழடைந்த நகரத்தின் அடியில் கிடைக்கிறது. அங்கே கதிர்வீச்சில் தோல் வெந்து, சாகாமல் நடமாடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் பேசுவார்கள். தண்ணீர் குடிப்பார்கள். அந்தச் சிப்தான் அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எடுத்தால் உங்கள் ஜனம் பிழைக்கும். அவர்கள்?

கெட்டுக் கிடக்கிற பழைய பம்பு ஒன்று அங்கே இருக்கிறது. அதைச் சரி செய்துவிட்டுச் சிப்பை எடுத்துக்கொள்ளேன் என்று ஒருவர் கெஞ்சுவார். அதற்கான சாமான்களைத் தேடிச் சாக்கடைக்குள் இறங்க வேண்டும். வீட்டிலோ நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். விளையாட்டு உங்களைத் திட்டாது. பக்கத்தில் நின்று உபதேசம் செய்யாது. குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும்.

கடைசியில் கணக்கு வரும். எல்லாம் முடிந்த பிறகு நீங்கள் கால் வைத்த ஊர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும். இந்த ஊர் தழைத்தது. இந்த ஊர் அழிந்தது. போகிற போக்கில் நீங்கள் செய்த ஒரு காரியம், சொன்ன ஒரு வார்த்தை, எங்கே போய் முடிந்தது என்று ஒரு குரல் நிதானமாக வாசிக்கும்.

இந்த விளையாட்டின் மீது மனிதர்கள் இப்படிப் பைத்தியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அழிவைப் பார்க்கிற கிளுகிளுப்பு என்றால் அதற்கு ஹாலிவுட் சினிமா போதும். உலகம் நிறைந்து வழியும்போது ஒருத்தர் செய்கிற நல்லதும் கெட்டதும் கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறது. எல்லாம் இடிந்த பிறகுதான், பத்துப் பேர் இருக்கிற ஊரில்தான், நீ செய்தது கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்தடுத்த பாகங்களையும் பாருங்கள். 1998ல் இரண்டாம் பாகம். முதல் பாக நாயகனின் வாரிசு, வறட்சியில் காய்கிற தன் கிராமத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறார். அந்த வருஷம் மே மாதம்தான் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு வெடித்தது. 2008ல், இங்கே வராத அந்த மூன்றாம் பாகம். கதாநாயகனின் அப்பா ஒரு விஞ்ஞானி. கதிர்வீச்சு கலந்த ஓர் ஆற்றையே சுத்தமான குடிநீராக்கப் பாடுபடுகிறார். 2010ல் 'நியூ வேகஸ்'. மொத்தச் சண்டையும் ஓர் அணைக்கட்டுக்காக. அணைக்குச் சண்டை என்றால் நமக்கு விளக்க வேண்டுமா என்ன!

*

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கதையில் பாதி விஷயம் தெரிந்ததுதான். ஏரி பெயரில் ஊர், ஊர் பெயரில் ஏரி என்று அமைந்த பகுதி இது. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம். எங்கே திரும்பினாலும் ஓர் ஏரி. ஆனாலும் கோடை வந்தால் தெருவுக்குத் தெரு தண்ணீர் லாரி நின்று, அடுக்கு மாடிகளின் தொட்டிக்குள் குழாய் போட்டுக்கொண்டிருக்கும்.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர் வீடுகளில் மொட்டை மாடிக்குப் போய் நின்றவர்களைப் படகு வந்து இறக்கியது. நாலே வருஷம். 2019 ஜூனில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்து சேர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் போய்ப் படமெடுத்தார்கள். மாலை போட்டு வரவேற்றார்கள்.

இதெல்லாம் குண்டு விழாமலே நடந்தது.

அந்த வருஷம் லாரிக்காரருக்கு போன் போட்டுப் போட்டு அலுத்துப் போனவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் லாரி வந்து நின்றபோது டிரைவரிடம் சும்மா கேட்டேன். "தண்ணி எங்கேர்ந்து வருது தம்பி?" அவர் தெற்குப் பக்கமாகக் கையைக் காட்டினார். "அங்க ஒரு விவசாயக் கெணறு சார்." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொட்டி நிறைந்தது. காசு கொடுத்தேன். லாரி போய்விட்டது.

அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து வயல் என்ன ஆயிற்று? அந்த ஊர்ப் பெண்கள் எவ்வளவு தூரம் குடம் தூக்கினார்கள்? எந்தத் திரையிலும் அது வராது. நிஜ வாழ்க்கையில் கடைசியில் கணக்கு வாசிக்கிற குரல் கிடையாது. விளையாட்டில் உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான். சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கற்பனை ஊரின் பம்பைச் சரி செய்யச் சாக்கடையில் இறங்குகிற பையனை, வேலையற்றவன் என்று திட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இன்டர்ப்ளே கடனில் விழுந்தது. விளையாட்டை உருவாக்கிய பிரிவை 2003 டிசம்பரில் மூடினார்கள். ஃபால்அவுட் என்ற பெயரை 2007ல் பெதஸ்டா கம்பெனி 57.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவர்கள் எடுத்ததுதான் இரண்டு தலை மாட்டோடு இந்தியக் கதவு வரை வந்து திரும்பிய மூன்றாம் பாகம்.

திரும்பியதா? பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இருக்கிற ஊரில் எந்தக் கதவைச் சாத்தி என்ன பயன். தெற்கே போகிற மின்சார ரயிலில் காலேஜ் பையன்களின் பைக்குள் என்னென்ன சிடி பயணம் செய்தது என்று எந்தக் கம்பெனியும் கணக்கெடுக்கவில்லை. மாட்டைப் பார்த்து யாருடைய மனதும் புண்பட்டு ஊர்வலம் போனதாகத் தகவலில்லை. 2024 ஏப்ரலில் அது அமேசானில் தொடராகவே வந்தது. இந்தியாவிலும் பார்த்தார்கள்.

ஒன்று பாக்கி. பெதஸ்டாவை அதன் தாய்க் கம்பெனியோடு சேர்த்து 750 கோடி டாலருக்கு வாங்குவதாக 2020ல் ஒருவர் அறிவித்தார். 2021 மார்ச்சில் வாங்கியும் முடித்தார். வாங்கியவர் வேறு யாருமில்லை. மைக்ரோசாஃப்ட்.

எந்த மாட்டை வாசலில் நிறுத்தினார்களோ, அது இப்போது அவர்கள் தொழுவத்திலேயே கட்டியிருக்கிறது. இரண்டு தலையோடும் அதே பெயரோடும்.